பழைய வீட்டுக்குள் ஒரு குளியலறை சேர்த்தால் விற்கும் விலை கூடுமா?

வேளிமலை எழுதியது:

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, 6 செண்ட் மனையில், என் தந்தை 35 ஆண்டுகளுக்கு முன் கட்டிய கான்கிரீட் கூரை வீடு எங்களுக்கு இருக்கிறது. மூன்று படுக்கையறைகள், முன்கூடம், சமையலறை, அதையொட்டி ஒரு சாமான் அறை என்று வீடு தாராளமாகவே அமைந்துள்ளது. ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி குளியலறையையும் கழிவறையையும் வீட்டின் பின்புறத்தில் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். சமையலறைக் கதவைத் திறந்து வெளியே இறங்கிச் சில எட்டு நடந்தால்தான் அங்கே போக முடியும். வடகிழக்கு மூலையில் கிணறு, வடமேற்கில் கழிவறைக் குழி.

இப்போது 74 வயதாகும் என் தாய் மட்டும் அங்கே இருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட்டு, அவரை நாகர்கோவிலில் எங்களுடன் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். அதற்குள் தாயின் படுக்கையறையோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டினால், விற்கும்போது போட்ட பணம் திரும்பி வருமா என்பதே கேள்வி. மேற்குச் சுவருக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் 5 அடிக்கு 8 அடியில் கட்ட, கொத்தனார் மூன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி உடனே கட்டச் சொல்கிறான். தங்கையின் கணவரோ விற்கப்போகிற வீட்டில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம் என்கிறார். இந்த மாவட்டத்தில் வீடு வாங்கியவர்கள், விற்றவர்கள், கட்டியவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குவைத்துக் காற்று எழுதியது:

தம்பி சொல்வதே சரி. வளைகுடாவிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் வீடு பார்க்கும்போது எத்தனை படுக்கையறை என்று கேட்டவுடன், அவற்றில் எத்தனைக்குள் குளியலறை உண்டு என்றுதான் கேட்கிறார்கள். அறையோடு சேர்ந்த குளியலறை இல்லாத வீட்டை அவர்கள் மனைவிமார் வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மூன்றரை லட்சம் போட்டால் ஐந்து லட்சம் கூட்டிக் கேட்கலாம் என்பது என் கணிப்பு.

வடசேரி வாசி எழுதியது:

வீட்டுத் தரகில் சில காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். குவைத்து அண்ணாச்சி சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி ஆசை. கேட்பது வேறு, கொடுப்பது வேறு.

நம் மாவட்டத்தில் பழைய வீட்டுக்கு விலை பேசும்போது முதலில் செண்டுக்கு எவ்வளவு என்றுதான் பேச்சு தொடங்கும். மனை விலையை முடிவு செய்த பிறகு, கட்டிடத்துக்கு ஏதோ ஒரு தொகையைச் சேர்ப்பார்கள். கட்டிடம் 30 ஆண்டு தாண்டிவிட்டால் அந்தத் தொகையைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள். ஆகையால் வேளிமலை அண்ணாச்சி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த வீட்டை யார் வாங்கக்கூடும் என்பதைத்தான். வீட்டை இடித்துவிட்டுத் தன் விருப்பப்படி புதிதாகக் கட்ட நினைப்பவர் ஒரு வகை. அவருக்கு உங்கள் புதிய குளியலறையும் இடிக்க வேண்டிய சுவர்தான். அதற்கு ஒரு ரூபாயும் தர மாட்டார். வாங்கிய கையோடு குடிபுக நினைப்பவர் இன்னொரு வகை. இவர் பெரும்பாலும் வாடகை வீட்டில் இருப்பவராகவும், வங்கிக் கடனில் வாங்குபவராகவும், கையில் மராமத்துக்குத் தனியாகப் பணம் வைத்திராதவராகவும் இருப்பார். வீட்டுக்குள் குளியலறை இல்லை என்றால் இவர் விலையைக் குறைத்துக் கேட்பதில்லை, வரவே மாட்டார்.

எனவே ஒரு குளியலறைகூட உள்ளே இல்லாத வீட்டில் முதல் குளியலறையைச் சேர்ப்பது விலையைக் கூட்டும் வேலை அல்ல, வாங்க வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் வேலை. நாலு பேர் கேட்கும் வீட்டுக்கும் ஒருவர் மட்டும் கேட்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் தானாகவே தெரியும். இரண்டாவது குளியலறைக்கும் ஓரளவு பயன் உண்டு. மூன்றாவது, நான்காவது எல்லாம் உங்கள் சொந்த வசதிக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. பத்திரத்தில் காட்டும் மதிப்பின் மீது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் வாங்குகிறவர் கட்டுகிறார். நீங்கள் கூட்டிக் கேட்கும் தொகைக்கும் அவர் அந்த 9 விழுக்காட்டைச் சேர்த்தே மனத்துக்குள் கணக்குப் போடுவார்.

பழையாற்றுக்கரை எழுதியது:

வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து ஓய்வு பெற்ற பொறியாளன் நான். தரகர் நண்பர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் வங்கிக் கடனில் வாங்குபவரைப் பற்றி அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

மதிப்பீட்டாளர் கட்டிடத்தைச் சதுர அடிக் கணக்கில்தான் அளக்கிறார். 5 அடிக்கு 8 அடி என்றால் 40 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று அவர் வைத்துக்கொண்டால் அது 80,000 ரூபாய். நீங்கள் செலவழித்தது மூன்றரை லட்சம் என்பது அவருடைய தாளில் எங்கும் வராது. ஏனென்றால் வீட்டிலேயே சதுர அடிக்கு மிக அதிகச் செலவு பிடிக்கும் இடம் குளியலறைதான்: குழாய், ஓடு, பீங்கான், நீர்க்கசிவுத் தடுப்பு, கதவு, கூலி எல்லாம் சின்ன இடத்துக்குள் குவிந்திருக்கும். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஒரே சதுர அடி விலையைப் போடும் முறையில் குளியலறை கட்டியவர் எப்போதும் தோற்பார்.

அடுத்து தேய்மானம். சுமைதாங்கும் சுவர்க் கட்டிடத்துக்கு வழக்கமாக 60 ஆண்டு ஆயுளும் அது முடிந்த பின்னும் மிஞ்சும் எச்ச மதிப்பாக 10 விழுக்காடும் கொள்வார்கள். 35 ஆண்டான உங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கில் ஏறத்தாழ 52 விழுக்காடு கழிந்துவிட்டது. நேற்றுக் கட்டிய குளியலறையானாலும், பழைய வீட்டோடு ஒட்டி நிற்பதால் அதன் எதிர்காலம் அந்த வீட்டின் எதிர்காலத்தோடு கட்டப்பட்டதாகவே பெரும்பாலும் பார்க்கப்படும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, கொத்தனார் சொல்லும் அந்த இடம். மேற்குச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே உள்ளது பக்கத் திறவிடம், அதாவது விதிப்படி வெற்றாக விட வேண்டிய இடம். அங்கே அனுமதி வரைபடம் இல்லாமல் கட்டினால், கடன் கேட்கும் நாளில் அனுமதி பெற்ற வரைபடத்துக்கும் உள்ள கட்டிடத்துக்கும் வேறுபாடு என்று மதிப்பீட்டாளர் எழுதுவார். நல்ல குளியலறை கட்டியதாலேயே கடன் நின்றுபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். விலையைக் கூட்டக் கட்டியது விற்பனையையே தடுத்துவிடும்.

அமெரிக்காவில் வீட்டு மேம்பாட்டுச் செலவையும் மறுவிற்பனையில் திரும்பும் தொகையையும் ஒப்பிட்டு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார்கள். அங்கேயும் புதிதாகக் குளியலறை சேர்ப்பதற்கு ஆகும் செலவு முழுமையாகத் திரும்புவதில்லை என்பதே அண்மை ஆண்டுகளின் நிலை. அந்த எண்களை நம் ஊருக்குப் பொருத்த முடியாது. திசை மட்டும் ஒன்றுதான்.

முட்டத்து அக்கா எழுதியது:

நீங்கள் எல்லோரும் விற்பவர் பக்கமிருந்து பேசுகிறீர்கள். நாங்கள் சென்ற ஆண்டு வீடு வாங்கியவர்கள் என்பதால் வாங்குகிறவர் மனத்தைச் சொல்கிறேன்.

குளச்சல் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். இடம் நல்லது, விலையும் நியாயம், கிணற்று நீரும் உப்பில்லாமல் இருந்தது. ஆனால் குளியலறை வெளியே. என் மகள் கல்லூரிக்குப் போகிறவள். இரவில் அவள் வெளியே இறங்கிப் போக வேண்டும் என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. குடை பிடித்துக்கொண்டு குளிக்கப் போகும் வீட்டை யார் வாங்குவார்கள்? கட்டிக்கொள்ளலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். கட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் எங்கே கட்டுவது, குழாய் எங்கே போகும், சுவரை உடைத்தால் வீடு தாங்குமா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரியாத செலவைக் கண்டு பயந்துதான் அதை விட்டுவிட்டு, அதைவிடச் சிறிய வீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கினோம். அந்தக் கூடுதலைப் பீங்கானுக்கும் ஓட்டுக்கும் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை.

வேளிமலை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்கள் அம்மா 74 வயதில் இரவிலும் மழையிலும் வெளியே இறங்கித்தான் நடக்க வேண்டும். விலை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தோவாளைத் தோட்டம் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று. விற்கும் வீட்டில் எதையும் கட்டாதீர்கள். கட்டிய குளியலறை வாங்குகிறவருக்குப் பிடிக்காமல் போக எத்தனையோ வழிகள் உண்டு: ஓட்டின் நிறம், இந்தியக் கழிவறையா மேற்கத்தியக் கழிவறையா என்பது, கதவு எந்தப் பக்கம் என்பது. அதற்குப் பதிலாக ஒரு பொறியாளரிடம் எங்கே, எப்படிக் கட்டலாம் என்று வரைபடமும் செலவு மதிப்பீடும் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லிவிடலாம். முட்டத்து அக்காவின் பயத்துக்கு மருந்தும் அதுதானே? தெரியாத செலவு தெரிந்த செலவாகிவிடும்.

வடசேரி வாசி எழுதியது:

தோவாளை நண்பரே, தாளில் அது அழகான வழி. நடைமுறையில் வாங்குகிறவர் நீங்கள் குறைக்கும் மூன்றரை லட்சத்தையும் எடுத்துக்கொண்டு, மேலும் இரண்டு லட்சம் குறைக்கச் சொல்வார். கட்டுமான வேலையின் தொல்லைக்கு அவர் தனி விலை போடுவார். கடனில் வாங்குபவருக்கு அந்தக் குறைப்பு கைக்காசாகவும் வராது, கடன் தொகையைத்தான் குறைக்கும். குளியலறை கட்ட வேண்டிய பணம் அவரிடம் அப்போதும் இருக்காது.

ஆனாலும் வீட்டை இடிக்கத்தான் வாங்குவார்கள் என்ற இடங்களில், அதாவது முதன்மைச் சாலையை ஒட்டிய மனைகளில், நீங்கள் சொல்வதே சரி. வேளிமலை அண்ணாச்சியின் வீட்டுக்கு முன்னால் உள்ள வழி எத்தனை அடி அகலம், சுற்றிலும் வீடுகளா கடைகளா என்று தெரிந்தால் நல்லது.

வேளிமலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வழி 12 அடி அகலம். சுற்றிலும் வீடுகள்தான், கடைகள் வர வாய்ப்பில்லை. ஆகவே வாங்குகிறவர் குடியிருக்கவே வாங்குவார் என்று நினைக்கிறேன். கான்கிரீட்டில் கசிவு இல்லை, சுவர்கள் வெட்டுக்கல். அனுமதி வரைபடம் தந்தை காலத்தது இருக்கிறது, அதில் பின்புறக் கழிவறையும் உண்டு.

பழையாற்றுக்கரை ஐயா சொன்ன திறவிடச் சிக்கலைக் கொத்தனார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

செம்மண் கொத்தன் எழுதியது:

மார்த்தாண்டம் பக்கம் வீட்டு வேலை எடுத்துச் செய்கிறேன். முதல் பதிவில் ஒரு சாமான் அறை என்று எழுதினீர்களே, அது எத்தனை அடி, எந்தப் பக்கம், தாயின் அறைக்குப் பொதுச் சுவர் உண்டா?

வேளிமலை எழுதியது:

சாமான் அறை 5 அடிக்கு 7 அடி. ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் தாயின் அறை, மேற்கே வெளிச்சுவர். அதில் சிறிய சன்னல் ஒன்று உண்டு. இப்போது அதில் பழைய பாத்திரங்களும் நெல் அளக்கும் மரக்காலும்தான் கிடக்கின்றன.

செம்மண் கொத்தன் எழுதியது:

அப்படியானால் வெளியே கட்டவே வேண்டாம். குளியலறை ஏற்கெனவே கட்டி நிற்கிறது. அதில் சாமான் கிடக்கிறது, அவ்வளவுதான்.

குளியலும் கழிவறையும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு குறைந்தது 2.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் கேட்கிறது. 5 அடிக்கு 7 அடி என்பது ஏறக்குறைய 3.25 சதுர மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். தாராளமாகப் போதும். அடித்தளம் தோண்ட வேண்டாம், கூரை வார்க்க வேண்டாம், திறவிடத்தைத் தொட வேண்டாம். இன்னொரு நன்மை, பழைய வெட்டுக்கல் வீட்டோடு புதிய அறையை ஒட்டிக் கட்டும்போது வரும் விரிசலும் வராது. பழைய அடித்தளம் 35 ஆண்டில் அமர்ந்து முடிந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும், முதல் மழையில் அதன் வழியே நீர் இறங்கும். வாங்க வருகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

செய்ய வேண்டியவை இவை. தாயின் அறைச் சுவரில் புதுக் கதவுக்கு வாசல் திறக்க வேண்டும். அது சுமைதாங்கும் சுவர் என்பதால், மேலே முட்டுக் கொடுத்து, லிண்டல் (வாசலுக்கு மேல் சுமை தாங்கும் குறுக்கு உத்திரம்) போட்டு, அது இறுகிய பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். அவசரக்காரர்கள் உடைத்துவிட்டு லிண்டல் போடுவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். வாசல் மூன்றடி அகலம் இருக்கட்டும், பிற்காலத்தில் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். தரைத்தளம் என்பதால் தரையைத் தோண்டிக் குழாயை இறக்கிவிடலாம். கழிவறைக் குழாய் 110 மில்லிமீட்டர், 40 அடிக்கு ஓர் அடி சரிவு, நேராக வடமேற்கிலுள்ள குழிக்கு. திரும்பும் இடங்களில் மூடி திறக்கும் தொட்டி. சுவரில் ஓடு பதிப்பதற்கு முன் தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. பூசிய பிறகு தரையில் தண்ணீர் கட்டி ஒரு முழு நாளாவது நிற்கவிட்டுப் பார்க்க வேண்டும். சமையலறைப் பக்கச் சுவரில் குழாய் எதையும் புதைக்காதீர்கள், கசிந்தால் அடுப்பங்கரையில் ஈரம் ஏறும். வழுக்காத ஓடு, கைப்பிடி, காற்றை வெளியேற்றும் விசிறி ஆகியவற்றையும் சேர்த்து, என் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்குள் முடியும்.

பின்புறக் கழிவறையை இடிக்க வேண்டாம். தோட்ட வேலைக்கு ஆள் வரும் வீடுகளில் அது இருப்பதை வாங்குகிறவர்கள் விரும்புகிறார்கள்.

கிணற்றடி எழுதியது:

குளியலறையைப் பற்றி மட்டும் பேசி, அதன் மறுமுனையைப் பற்றி யாரும் பேசவில்லை. கழிவறைக் குழி என்று வேளிமலை எழுதியது அடியும் சுவரும் பூசி அடைத்த செப்டிக் டேங்கா, அல்லது கழிவுநீர் நேரே மண்ணில் இறங்கும் வெறும் உறை இறக்கிய குழியா? 35 ஆண்டுக்கு முன் நம் கிராமங்களில் கட்டியவற்றில் பல வெறும் குழிகளே.

கழிவு உறிஞ்சும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது 59 அடி, இருக்க வேண்டும் என்று செப்டிக் டேங்க் பற்றிய இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 6 செண்ட் என்பது சுமார் 2,600 சதுர அடி. 50 அடிக்கு 52 அடி அளவுள்ள மனை. மூலைக்கு மூலை அளந்தால் ஒழிய அதற்குள் 59 அடி கிடைக்காது. கிடைத்தாலும் பக்கத்து வீட்டுக் கிணறு மதிலை ஒட்டி இருக்கும். வீட்டுக்கு ஒரு கிணறு, வீட்டுக்கு ஒரு குழி என்று நெருங்கி வாழும் நம் ஊர்களில் இது தீராத சிக்கல். வெட்டுக்கல் பாறையில் துளைகளும் பிளவுகளும் உள்ள இடங்களில் கழிவுநீர் வேகமாகவும் நகரும்.

ஒரு தவறான அச்சத்தையும் நீக்கிவிடுகிறேன். குளியலறை ஒன்று கூடியதால் குழிக்குப் போகும் மலக்கழிவு அதிகரிக்காது. அது வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆனால் குளித்த நீரையும் துவைத்த நீரையும் அதே குழிக்குள் விட்டால் குழி நிறையும். அந்த நீரைத் தனிக் குழாயில் பிரித்துத் தென்னை மூட்டுக்கும் வாழைக்கும் விடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் செய்த ஏற்பாடும் அதுதான்.

குழி வெறும் குழியாக இருந்தால், ஒன்றரை லட்சத்தில் பாதியை எடுத்து முதலில் செப்டிக் டேங்க் கட்டுங்கள். ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் இருந்தால் போதும். கழிவை எடுக்க ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரிதான் வர வேண்டும். உங்கள் வழி 12 அடி என்பதால் லாரி வரும். லாரியின் குழாய் வீட்டைச் சுற்றி வடமேற்கு மூலை வரை எட்டுமா என்று அளந்து பாருங்கள்.

கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அந்த அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வருகிறவரிடம் நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பழையாற்றுக்கரை எழுதியது:

கிணற்றடி ஐயாவின் பதிவு மதிப்பீட்டாளர்களும் படிக்க வேண்டியது. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது தாழ்ந்த பகுதிகளில் கழிவறைக் குழி நிறைந்து கோப்பையில் நீர் இறங்காமல் நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்த மாதங்களில்தான் வீடு பார்க்க வருகிறார்கள். நாகர்கோவில் மாநகராட்சிப் பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்ட வேலை பல ஆண்டுகளாக நடந்துவருவதால் அங்குள்ளவர்களுக்கு ஒரு நம்பிக்கையாவது உண்டு. மற்ற ஊர்களில் அவரவர் மனைக்குள்தான் எல்லாம் முடிய வேண்டும்.

செம்மண் கொத்தன் சொன்ன சாமான் அறைத் திட்டத்தில் மதிப்பீட்டாளர் தாளில் பரப்பு அதிகரிக்காது, ஆகவே மதிப்பும் அதிகரிக்காது. ஆனால் வேறுபாடு என்று எழுதவும் இடம் இருக்காது. உள் அமைப்பு மாற்றத்தை ஒரு பொறியாளரிடம் வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது. வங்கி மதிப்பில் சுழியம், சந்தையில் ஆதாயம். ஒன்றரை லட்சத்துக்கு இது நியாயமான பேரம் என்பேன். மூன்றரை லட்சத்துக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

கோட்டாற்றுக் கணக்கர் எழுதியது:

கட்டுகிறவர்கள் பேசி முடித்தபின் கணக்கைப் பேசுகிறேன். தந்தைவழிச் சொத்து, மூன்று பிள்ளைகளும் தாயும் பங்காளிகள். அப்படியிருக்க இந்தச் செலவை யார் செய்வது? தம்பி மட்டும் பணம் அனுப்பினால், விற்கும் நாளில் என் பணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன் என்பார். தங்கையின் கணவர் அது அம்மாவின் வசதிக்குச் செய்ததுதானே என்பார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கும். வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுவிடுங்கள்.

வருமான வரியில், சொத்தில் நிலையாகச் சேர்க்கும் வேலை மேம்பாட்டுச் செலவாகக் கணக்கில் வரும், விற்பதில் வரும் லாபமான மூலதன ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். உடைந்த ஓடுகளை மாற்றுவது போன்ற பழுதுபார்ப்பு வராது. கொத்தனாருக்குக் கையில் கொடுத்து முடித்துவிட்டால் நிறுவ எதுவும் இருக்காது. பொருள்களுக்கு ரசீது, கூலிக்கு வங்கி வழிப் பணம், வேலைக்கு முன்னும் பின்னும் படம் ஆகியவை இருக்கட்டும். 2001 ஏப்ரல் 1க்கு முன் கட்டிய வீடு என்பதால் அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ள முடியும். அது அன்றைய முத்திரைத் தீர்வை மதிப்பைத் தாண்டக் கூடாது.

2024 ஜூலை 23க்கு முன் கைக்கு வந்த மனைக்கும் வீட்டுக்கும் இந்தியாவில் வசிப்பவர், விலைவாசிக் குறியீட்டோடு (அடக்க விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு) 20 விழுக்காடு, குறியீடு இல்லாமல் 12.5 விழுக்காடு என்ற இரண்டில் குறைவானதைக் கட்டலாம். வெளிநாட்டில் வசிக்கும் தம்பிக்கு அந்தத் தேர்வு இல்லை; அவர் பங்குக்கு 12.5 விழுக்காடுதான், அவருக்குரிய தொகையிலிருந்து வாங்குகிறவர் வரி பிடித்தம் செய்யவும் வேண்டும். குளியலறையைவிட இது பெரிய தொகையாக இருக்கும், ஆகையால் விற்குமுன் ஒரு தணிக்கையாளரைப் பாருங்கள்.

குவைத்துக் காற்று எழுதியது:

வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லா இடத்திலும் தனிச் சட்டம்தான். சாமான் அறை யோசனையை நான் ஏற்கிறேன், ஆனால் ஒரு கேள்வி: சமையலறைச் சுவரை ஒட்டிக் கழிவறை வருவதை வாஸ்து பார்ப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா?

வடசேரி வாசி எழுதியது:

நம் மாவட்டத்தில் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஈசான மூலையான வடகிழக்கில் கழிவறை இருக்கிறதா, கன்னி மூலையான தென்மேற்கில் இருக்கிறதா என்ற இரண்டையும்தான். வடகிழக்கில் கிணறு, வடமேற்கில் குழி என்பதால் இவர்கள் வீடு அந்தத் தேர்வில் தேறிவிடும். சமையலறைச் சுவரைச் சிலர் சொல்வார்கள். கோப்பையை அந்தச் சுவரில் வைக்காமல் மேற்கு வெளிச்சுவரில் வைத்தால் பேச்சு பாதி குறைந்துவிடும். முற்றும் ஒத்துக்கொள்ளாத ஒருவர் வந்தால் அவர் இந்த வீட்டை எப்படியும் வாங்க மாட்டார்.

தோவாளைத் தோட்டம் எழுதியது:

மூன்றரை லட்சம் என்றபோதுதான் நான் வேண்டாம் என்றேன். ஒன்றரை லட்சம், அதுவும் திறவிடத்தைத் தொடாமல் என்றால் என் வாதம் பெரும்பாலும் போய்விடுகிறது. விலையுயர்ந்த பீங்கான், கண்ணாடித் தடுப்பு, வெந்நீர்த் தொட்டி என்று ஏறிக்கொண்டே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி வெளிநாட்டிலிருந்து படம் அனுப்பத் தொடங்குவார்.

வேளிமலை எழுதியது:

தம்பி ஏற்கெனவே அனுப்பத் தொடங்கிவிட்டான்.

நேற்று வீட்டுக்குச் சென்று குழியின் மூடியைத் திறந்து பார்த்தோம். அது செப்டிக் டேங்க் அல்ல. உறை இறக்கிய குழிதான். கிணற்றிலிருந்து 40 அடிக்கும் சற்றுக் குறைவு. நீரைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன். முடிவு வரும்வரை தாய் காய்ச்சிய நீரையே குடிப்பார். மூவரும் பேசி, முதலில் செப்டிக் டேங்க், அடுத்து சாமான் அறையில் குளியலறை, செலவு மூன்றாகப் பங்கு, விற்கும்போது தனியாக எவரும் கேட்பதில்லை என்று எழுதிவிட்டோம். தங்கையின் கணவரும் டேங்குக்கு மறுப்புச் சொல்லவில்லை. மேற்குப் பக்கத்தில் கட்ட வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு அதில் வருத்தம்தான்.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. பழைய குழியை மூடிவிட வேண்டுமா, அல்லது டேங்கிலிருந்து வெளியேறும் நீரை அதற்குள் விடலாமா?

கிணற்றடி எழுதியது:

40 அடிக்குள் இருப்பதால் அதற்குள் விட வேண்டாம். லாரி வைத்துக் கழிவை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு போட்டு, மண் நிரப்பி மூடிவிடுங்கள். வெற்றாக விட்டுப் பலகை போட்டு மூடினால் பின்னொரு நாள் யாராவது கால் வைத்து விழுவார்கள். டேங்கிலிருந்து வரும் நீருக்கு, கிணற்றுக்கு மிகத் தொலைவிலுள்ள தென்மேற்குப் பக்கமாக ஆழமில்லாத நீண்ட சாலில், அதாவது வாய்க்கால் போன்ற பள்ளத்தில், சல்லியும் மணலும் இட்டு, அதில் பரவவிடுங்கள். ஆழமான குழி நீரைக் கிணற்று மட்டத்துக்கு அருகில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆழமில்லாத சாலில் மண் வடிகட்ட நேரம் கிடைக்கும். பக்கத்து வீட்டுக் கிணறு அந்தப் பக்கத்தில் எங்கே என்று பார்த்துவிட்டுத் தோண்டுங்கள்.

செம்மண் கொத்தன் எழுதியது:

ஐயா சொன்னபடி சால் தென்மேற்கே போவதானால், குளியலறைக் குழாய் சேரும் டேங்கையும் மேற்குப் பக்கம் நடுவில் வைத்துவிடுங்கள், சரிவு எளிதாகக் கிடைக்கும். லாரிக் குழாயும் வழியிலிருந்து நேராக எட்டும். டேங்க் நிலத்துக்குள் இருப்பதாயினும் இடத்தைப் பொறியாளரிடம் காட்டி வரைபடத்தில் குறித்துவிடுங்கள். மண் மூடுவதற்கு முன் குழாய் போகும் தடம் முழுவதையும், சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவரிடம் கொடுக்க உதவும். வேலையைச் சித்திரைக்கு முன் முடித்துவிட்டால், ஆனி மழையில் சால் எப்படி உறிஞ்சுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.